எபிசோட் 37: ரை பேல் ஏலும் கழுவாத கலயமும்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கம். வாசிப்பதற்காகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல டேட்டாபேஸ் பத்திப் பேசிட்டு இருந்தப்போ, பேச்சுவாக்குல ஒரு விஷயத்தைச் சொல்லிட்டுப் போனேன். சிங்கப்பூர்ல என் வீட்டுலயே பீர் செய்யறேன், இப்போ ஒரு ரை பேல் ஏல் புளிச்சிட்டு இருக்குன்னு. டேட்டாபேஸ் பத்தி வந்த கேள்வி நாலு. பீர் பத்தி வந்த கேள்வி நாப்பதுக்கு மேல. சரி, மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு, இன்னைக்கு அதைப் பேசிடுவோம்.

அந்த நாப்பதுல ஒண்ணு எங்க ஊர்க்காரத் தம்பி அனுப்பினது. பழனியில இருந்து தாராபுரம் போற ரோட்டுல தொப்பம்பட்டி. "அண்ணா, ரெசிபி மட்டும் குடுங்க. ஹாப்ஸ், மால்ட் எல்லாம் ஆன்லைன்ல வாங்கிக்கறேன். நம்ம தோட்டத்துச் சாளையில யாரும் வரமாட்டாங்க, அங்க போட்டுப் பாக்கறேன்"னு எழுதியிருந்தான்.

தம்பி, முதல்ல உனக்குப் பதில். போடாதே. நான் பயமுறுத்தறேன்னு நினைக்காதே, சட்டம் அப்படித்தான் இருக்கு. 1937-ம் வருஷத்துத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்துல மது தயாரிக்கறதே குற்றம். வித்தாத்தான் குற்றம்னு இல்ல. பத்து லிட்டர் போட்டு நீயே குடிச்சாலும் அது தயாரிப்புதான். "ஹாபி"ன்னு ஒரு விதிவிலக்கு அதுல கிடையாது. சாளையில பாத்திரத்தோட மாட்டினா, நீ ஊத்தினது சிட்ரா ஹாப்ஸா, ஊறல் சாராயமான்னு வர்ற போலீஸ்காரர் வாசம் பிடிச்சுப் பார்க்க மாட்டார். அவர் பார்க்க வேண்டிய அவசியமும் இல்ல.

சிங்கப்பூர்ல எப்படி முடியுதுன்னா, இங்கே இதுக்குன்னே ஒரு வரம்பு இருக்கு. 18 வயசு ஆனவங்க, தங்கியிருக்கற வீட்டுல, மாசம் ஒரு வீட்டுக்கு 30 லிட்டர் வரைக்கும் புளிக்க வெச்சுக்கலாம். விக்கக் கூடாது. வடிக்கக் கூடாது, அதாவது சாராயம் இறக்கக் கூடாது. இங்கிலாந்துல 1963-ல லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆக்கினாங்க. அமெரிக்காவுல 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்தால வந்தது.

அப்போ ஊர்ல செய்ய முடியாத ஒண்ணை எதுக்கு முக்கால் மணி நேரம் பேசணும்? எனக்கு ஒரு காரணம் இருக்கு. இந்த விஷயத்துல நம்ம ஊர்ல ஒரு பெரிய குழப்பம் இருக்கு. அந்தக் குழப்பத்தோட விலை சின்னது இல்ல. அது எனக்குப் புரிஞ்சது எங்கம்மா மூலமாத்தான்.

நான் பீர் செய்யறேன்னு யாரோ சொந்தக்காரங்க அம்மாகிட்டப் போட்டுக் குடுத்துட்டாங்க. உடனே போன். "ஏங்கண்ணு, வீட்டுலயே காய்ச்சறியாமா? இதுக்குத்தான் இஞ்சினியரிங் படிக்க வெச்சனா?"

அந்த "காய்ச்சறியாமா" இருக்கு பாருங்க, அங்கதான் சிக்கல். தமிழ்ல பால் காய்ச்சறோம், கஞ்சி காய்ச்சறோம், சாராயமும் காய்ச்சறோம். பீருக்கும் தானியத் தண்ணியைக் கொதிக்க வைக்கறோம், அதனால அதுவும் காய்ச்சறதுதான். ஆனா சாராயம் காய்ச்சறதுன்னா புளிச்ச ஊறலைச் சூடு பண்ணி, ஆவியைக் குளிர வெச்சு, ஆல்கஹாலைத் தனியா பிரிச்சு எடுக்கறது. பீர்ல கொதிக்க வைக்கறது புளிக்கறதுக்கு முன்னாடி. கொதிக்கும்போது அதுல ஆல்கஹாலே கிடையாது, அது வெறும் இனிப்புக் கஞ்சித் தண்ணி. ரெண்டுக்கும் நம்ம வாயில ஒரே வினைச்சொல். சட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே கண்.

அம்மாவுக்கு அடுத்த பயம் மெத்தனால். நியாயமான பயம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல அறுபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. டிவியில ஆம்புலன்ஸ் வரிசையைப் பார்த்த யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனா அங்கே என்ன நடந்தது? தொழிற்சாலைக்குப் போற மெத்தனாலைச் சாராயம்னு சொல்லி வித்தாங்க. மெத்தனால் உடம்புக்குள்ள போனதும் ஃபார்மிக் அமிலமா மாறும், கண் நரம்பை அடிக்கும், உயிரையும் எடுக்கும். தானியத்தைப் புளிக்க வெச்சா அந்த அளவு மெத்தனால் வரவே வராது. அதுல பேருக்குத்தான் இருக்கும். புளிக்க வெச்ச பீர் கெட்டுப்போனா புளிக்கும், நாறும், வாயில வைக்க முடியாது. கண்ணைப் பறிக்காது. "நீ பண்ற கம்பங்கூழ் ராத்திரி புளிக்குதுல்லம்மா, அந்த ஜாதிதான் இது"ன்னேன். அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "கூழு குடிச்சுட்டு எவனும் பொண்டாட்டியை அடிக்கலியே"ன்னாங்க.

அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல. பதில் இருக்கற மாதிரி இந்த எபிசோட்லயும் நடிக்கப் போறதில்ல. அதுக்கு அப்புறமா வர்றேன். முதல்ல கூழ்.

ரை-ன்னா என்னன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கம்பான்னு கேட்டவங்களுக்கு: இல்ல. கம்பு வெயில் பயிர், ரை குளிர் நாட்டுப் பயிர், கோதுமைக்குப் பங்காளி. ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கம் கருப்பு ரொட்டி சுடறாங்கல்ல, அந்தத் தானியம். ஆனா குணத்துல பார்த்தா கம்புக்கும் ரைக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ரெண்டுமே நல்ல மண்ணும் நல்ல தண்ணியும் இல்லாத இடத்துல விளையற ஏழைத் தானியம். பார்லியும் கோதுமையும் விளையாத காட்டுல ரை விளைஞ்சது, அதனால அங்கத்து ஜனங்க அதையே ரொட்டியாவும் பீராவும் ஆக்கினாங்க. ஃபின்லாந்துல சாத்தின்னு ஒரு பழைய வீட்டு பீர்ல ரை போடுவாங்க. ரஷ்யாவுல ரை ரொட்டியையே ஊற வெச்சு க்வாஸ்.

பேல் ஏல்ல இதைச் சேர்த்தது அமெரிக்கர்கள். வீட்டுல பீர் செய்யறவங்களுக்குச் சாமான் விக்கற கடையை 1976-ல ஆரம்பிச்ச கென் கிராஸ்மன்தான் கொஞ்ச வருஷத்துல சியரா நெவாடா பேல் ஏலைக் கொண்டுவந்தார். அதுல கேஸ்கேட் ஹாப்ஸ் வாசம் மூக்கைத் தூக்கும். அந்த அச்சுல கொஞ்சம் ரையைப் போட்டா ரை பேல் ஏல். ஜார்ஜியா மாநிலத்துல டெரப்பின்னு ஒரு கம்பெனி 2002-ல தன்னோட முதல் பீராவே இதைத்தான் இறக்கினது.

எதுக்கு ரை? பார்லி மட்டும் போட்டா பீர் நல்லாத்தான் இருக்கும், ஆனா நடுவுல ஒரு தட்டை. ரை சேர்த்தா மிளகு மாதிரி இல்ல, மிளகு இருந்த டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு காரம் வரும். நாக்குல ஒரு வழவழப்பு. அதுக்கு மேல ஹாப்ஸோட ஆரஞ்சுத் தோல் வாசம் நின்னு பேசும்.

என் கணக்கு பத்து லிட்டருக்கு: பேல் மால்ட் 2 கிலோ, ரை மால்ட் 500 கிராம். ரை இருபது சதவீதம். முப்பதைத் தாண்டினா என்ன ஆகும்னு எங்க அப்பத்தாவைக் கேட்டிருந்தா சொல்லியிருக்கும்: களி ஆகும். ரைல பீட்டா குளூக்கன், அராபினோசைலன்னு பசை மாதிரி ரெண்டு சாமான் நிறைய. தண்ணியை இழுத்துப் பிடிச்சுக்கும். பார்லிக்கு மேல்தோல் உண்டு, அதுவே வடிகட்டியா நிக்கும். ரைக்குத் தோல் கிடையாது. அதனால வடிக்கற நேரத்துல மொத்தமும் களிக்கட்டியா அடைச்சுக்கும், ஒரு சொட்டு கீழே இறங்காது. இதுக்கு உலகம் பூரா என்ன வைத்தியம் தெரியுமா? நெல் உமி. நம்ம ரைஸ் மில்லுல மூட்டை மூட்டையாக் கிடக்கற உமியைப் பாக்கெட் போட்டு, பீர் சாமான் கடையில விக்கறாங்க. அந்த விலையைப் பழனிப் பக்கத்து மில்காரர் யாராவது கேட்டா மனசு உடைஞ்சுடும்.

மால்ட்னா முளைகட்டிக் காயவெச்ச தானியம். குழந்தைக்கு ராகியை ஊறவெச்சு, துணியில கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் காயவெச்சு லேசா வறுத்து அரைக்கறோம்ல, அதேதான். சாதா ராகி மாவுல கஞ்சி வெச்சா கெட்டியாகும். முளைகட்டின மாவுல வெச்சா நீர்த்து, லேசா இனிக்கும். காரணம் முளைக்கும்போது உள்ளே உருவாகற அமைலேஸ் என்சைம். அது மாவுச்சத்தைச் சர்க்கரையா வெட்டுது. நம்ம பாட்டிங்க குழந்தைக்குச் செரிக்கறதுக்காகச் செஞ்சதை, பீர் செய்யறவன் ஈஸ்ட்டுக்குச் செரிக்கறதுக்காகச் செய்யறான்.

உடைச்ச மால்ட்டைத் துணிப்பையில போட்டு, 67 டிகிரித் தண்ணியில ஒரு மணி நேரம். அறுபதுக்குப் பக்கத்துல வெச்சா சர்க்கரை நல்லா உடைஞ்சு, பீர் வறட்சியா வரும். எழுபதுக்குப் போனா உடையாத சர்க்கரை மிஞ்சி, பீர் கனமா நிக்கும். எண்பதுல என்சைம் செத்துடும். தெர்மாமீட்டர் இல்லாம இதைச் செய்ய முடியுமான்னு கேட்டா, முடியும், ஆயிரக்கணக்கான வருஷமாச் செஞ்சிருக்காங்க. நான் இஞ்சினியர், எனக்குத் தெர்மாமீட்டர் வேணும்.

அப்புறம் சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்க்க ஹைட்ரோமீட்டர். ஊர்ல பால் சொசைட்டியில லாக்டோமீட்டர் விடுவாங்கல்ல, அதோட அண்ணன். பால்ல 28, 30னு பார்ப்பாங்க. என்னோடதுல 52 காட்டும். புளிச்சு முடிஞ்சதும் 12-க்கு இறங்கும். அந்த வித்தியாசத்துல இருந்து கணக்குப் போட்டா ஆல்கஹால் ஐந்தே கால் சதவீதம்.

இப்போ ஹாப்ஸ். இது ஒரு கொடியோட பூ, கஞ்சாக் குடும்பம், ஆனா போதை கிடையாது. இந்தியாவுல இமாச்சலத்துல லாஹுல் பள்ளத்தாக்குல விளையுது. கொடைக்கானல்ல குளிர் இருக்கே, போடலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். குளிர் மட்டும் போதாது. பூ நல்லாப் பிடிக்கக் கோடையில நீளமான பகல் வேணும், நம்ம அட்சரேகையில அது கிடைக்காது.

மேக்னம் 7 கிராம் ஒரு மணி நேரம் கொதிக்கும். இது கசப்புக்கு மட்டும். கடைசிப் பத்து நிமிஷத்துல சிட்ரா 15 கிராம். புளிச்சு அடங்கினதும், கொதிக்கவே விடாம, கேஸ்கேடும் சிட்ராவும் தலா 20 கிராம் அப்படியே உள்ளே. கொதிச்சா கசப்பு, கொதிக்காட்டி வாசம். கொத்துமல்லியைக் கடைசியில தூவறோமே, அந்த லாஜிக்.

ஆனா ஹாப்ஸோட முதல் வேலை ருசி இல்ல, காவல். லாக்டிக் பாக்டீரியாவை அது வளர விடாது. கள்ளு காலையில இனிச்சு, சாயங்காலத்துக்குள்ள ஏன் வாய் சுளிக்கற அளவு புளிக்குது? ஈஸ்ட்டோட சேர்ந்து லாக்டிக், அசிட்டிக் பாக்டீரியா எல்லாம் பந்தியில உக்காந்துடுது. தடுக்க ஆள் இல்ல. நம்ம ஊர்ல தடுக்கணும்னா வேற வழி: கலயத்துக்குள்ள சுண்ணாம்பு. அது காரத்தன்மையை ஏத்தி, எதையுமே வளர விடாது. அதனாலதான் பதநீர் இனிப்பாவே நிக்குது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, முன்னாடி பனையேறிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட இதைப் பத்திப் பேசினேன். அவர் ரெண்டே வரியில முடிச்சுட்டார். "சுண்ணாம்பு தடவுன கலயம் பதநி. தடவாத கலயம் கள்ளு. இதுல என்ன தம்பி இஞ்சினியரிங்கு?" நான் கேட்டேன், கள்ளுக்கு ஈஸ்ட் எங்கிருந்து வரும்னு. அவருக்கு ஈஸ்ட்ங்கற சொல் தெரியாது, விஷயம் தெரியும். "கள்ளுக் கலயத்தைச் சுத்தமாக் கழுவப்படாது. அடியில ஒட்டியிருக்கறதுதான் மறுநாளைக்கு வெதை."

இதைக் கேட்டப்போ எனக்குச் சிலிர்த்துடுச்சு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நார்வே வரைக்கும் போயிட்டு வரணும்.

சிங்கப்பூர்ல பீர் செய்யறதுல பெரிய தலைவலி வெக்கை. சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18-ல இருந்து 22 டிகிரி வேணும். என் வீட்டுல ராத்திரிகூட 29. குழாய்த் தண்ணியே வெதுவெதுன்னு வரும். அந்தச் சூட்டுல சாதா ஈஸ்ட்டை விட்டா நெயில் பாலிஷ் வாசமும் மறுநாள் தலைவலியும்தான் மிச்சம். இதுக்குன்னு தனி ஃபிரிட்ஜ் வெச்சு மாசாமாசம் கரண்ட் பில் கட்டறவங்க இருக்காங்க. எனக்கு வழி காட்டினது லார்ஸ் மாரியஸ் கார்ஷோல்னு ஒரு நார்வேக்காரர். அவரும் நம்மளை மாதிரி சாஃப்ட்வேர் இஞ்சினியர். நார்வேயோட மேற்குக் கரைப் பண்ணை வீடுகள்ல கிழவங்க இன்னும் பழைய முறையில பீர் செய்யறாங்கன்னு கேள்விப்பட்டு, ஊர் ஊராப் போய் எழுதிவெச்சார். அதை 2020-ல புத்தகமாவும் போட்டார்.

அந்த வீடுகள்ல ஒரு ஈஸ்ட் வெச்சிருந்தாங்க. பேர் க்வைக். கடையில வாங்கினது இல்ல, பரம்பரையா வந்தது. மரத்துல செஞ்ச வளையத்தை ஈஸ்ட்ல முக்கி, காயவெச்சு, அடுத்த தடவை வரைக்கும் தொங்கவிடுவாங்க. ஒரு வீட்டுல கெட்டுப்போனா பக்கத்து வீட்டுல வாங்கிக்குவாங்க. நம்ம ஊர்ல உறைமோர் வாங்கற மாதிரியேதான். வோஸ் ஊர்ல சிக்முண்ட் யெர்னெஸ்ங்கறவர் வெச்சிருந்த க்வைக்கைக் கார்ஷோல் இங்கிலாந்துல இருக்கற தேசிய ஈஸ்ட் சேமிப்பகத்துக்கு அனுப்பினார். அது 35, 40 டிகிரியிலயும் கெட்ட வாசம் இல்லாம வேலை செய்யுது. ரெண்டு மூணு நாள்ல புளிச்சு முடிச்சுடுது. 2018-ல கனடாவுல ரிச்சர்ட் ப்ரைஸ் குழு மரபணுவைப் பார்த்துட்டு, இது மத்த பீர் ஈஸ்ட்டுகள்ல இருந்து பிரிஞ்ச தனி வம்சம்னு ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. இன்னைக்கு அதே வோஸ் க்வைக் காய்ஞ்ச பொடியா பாக்கெட்ல உலகம் முழுக்க விக்குது. நானும் அதைத்தான் போடறேன். வோர்ட்டை, அதாவது அந்த இனிப்புத் தண்ணியை, ஐஸ்ல வெச்சு 35-க்கு இறக்கினாப் போதும். ஃபிரிட்ஜ் வேண்டாம். ஆரஞ்சு வாசம் இலவசம், சிட்ராவோட சொந்தக்காரன் மாதிரி ஒட்டிக்கும்.

இப்போ யோசிங்க. உறைபனி பெய்யற நாட்டுல வெயிலுக்குப் பழகின ஈஸ்ட் இருந்திருக்கு, ஏன்னா அங்கத்துப் பாட்டன் முப்பாட்டன் சூடு ஆறறதுக்கு முன்னாடியே ஈஸ்ட்டைப் போட்டு, அப்படியே பழக்கிட்டாங்க. நம்ம கலயத்து அடியில ஒட்டியிருந்த வெதை எத்தனை தலைமுறை வெயில்ல பழகியிருக்கும்? கள்ளுல இருந்து ஈஸ்ட்டைப் பிரிச்சு ஆராய்ச்சி பண்ணினவங்க இந்தியாவுலயும் இலங்கையிலயும் இருக்காங்க. ஆனா ஆராய்ச்சிக்கூடத்துக் குப்பி வேற, வீட்டுல இருந்து வீட்டுக்குக் கை மாறற வெதை வேற. தமிழ்நாட்டுல 1987 ஜனவரி 1-ல இருந்து கள்ளு இறக்கத் தடை. அந்தப் பெரியவர் அன்னைக்குக் கலயத்தைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவிக் கவுத்து வெச்சவர்தான். அந்த மரத்தோட வெதை எதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.

இதுல எனக்கு ஒரு கோபம் உண்டு, மறைக்கல. 1983-ல அரசு டாஸ்மாக்கை ஆரம்பிச்சது, 2003-ல இருந்து சில்லறைக் கடையும் அதோட கையிலதான். வடிச்ச சரக்கை அரசே கவுண்டர்ல விக்கும், புளிச்ச கள்ளை மரத்துல இருந்து இறக்கினா வழக்கு. எல்லை தாண்டி நூறு கிலோமீட்டர் போனா, பாலக்காட்டுச் சித்தூர்ல அதே தென்னை, அதே கள்ளு, லைசென்ஸோட. கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் 2024-லயே சட்டத்தைத் திருத்தினாங்க. கள்ளச்சாராயத்தால உயிர் போனா, வித்தவனுக்கு ஆயுள் தண்டனை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். மெத்தனால் விக்கறவனுக்கு அது வேணும். ஆனா புளிக்க வைக்கறவனையும் மெத்தனால் கலக்கறவனையும் ஒரே சட்டத்துக்குள்ள நிறுத்தினா, மெத்தனாலுக்கு எதிரான அறிவு ஊருக்குள்ள எப்படி வளரும்? எது விஷம், எது புளிப்புன்னு ஜனங்களுக்குச் சொல்லக்கூட ஆள் இருக்காது.

அம்மா கேட்டது அப்பவும் நிக்குது. கள்ளைத் திறந்துவிட்டா கூலி வாங்கின கையோட எத்தனை பேர் மரத்தடிக்குப் போவாங்கன்னு எங்க தெருவுல இருக்கற பொம்பளைங்களுக்குத் தெரியும், சிங்கப்பூர்ல உக்காந்து மைக்ல பேசற எனக்குத் தெரியாது. நார்வே கிழவன் வருஷத்துக்கு ரெண்டு தடவை, கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் போட்டான், எங்க ஊர்ல அப்படி இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். என் ஆசை சின்னது. வீட்டு அளவுக்கு ஒரு வரம்பு, விக்கக் கூடாது, வடிக்கக் கூடாது. சிங்கப்பூர் மாதிரி கறாரான நாடே ஒத்துக்கிட்டது. அம்மா அதுக்கும் ஒத்துக்கல. வீட்டுக்கு முப்பது லிட்டர்னா எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாரம்தான் வரும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னதாச் சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சாங்கதான், ஆனா அது ஜோக் இல்ல.

மிச்ச வேலையைச் சொல்லி முடிச்சுடறேன். நாலாவது நாள் ஹைட்ரோமீட்டர் 12 காட்டும், அடுத்த நாளும் 12 காட்டணும். ரெண்டு நாள் ஒரே எண் வந்தாத்தான் பாட்டில். அவசரப்பட்டா உள்ளே மிஞ்சின சர்க்கரை பாட்டிலுக்குள்ள புளிச்சு, கண்ணாடி வெடிக்கும். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, நுரைக்கு. பாட்டில், குழாய், மூடி எல்லாம் ஸ்டார் சான் கரைசல்ல முக்கி எடுக்கணும். பீர் செய்யறதுல பாதி நேரம் பாத்திரம் கழுவறதுதான், அதனால என் வீட்டுல இப்போ பாத்திரம் கழுவறதும் நான்தான். பத்து நாள் இருட்டுல வெச்சுட்டு, குளிர வெச்சுத் திறந்தா செப்புச் செம்பு மாதிரி நிறம், மேல நுரை தடிச்சு நிக்கும். அது ரை குடுத்த நுரை.

தொப்பம்பட்டித் தம்பிக்கு இன்னொண்ணு. நிஜமாவே ஆர்வம் இருந்தா இது படிக்கற படிப்பு. பெர்லின்ல விஎல்பி, எடின்பரோல ஹெரியட் வாட் பல்கலைக்கழகம் ரெண்டுலயும் பீர் தயாரிப்புக்குன்னே படிப்பு இருக்கு. பெங்களூர்ல மைக்ரோபுரூவரி நிறைய இருக்கு, அங்கே வேலைக்குச் சேர்ந்து கத்துக்கலாம், அது சட்டப்படியான வேலை. அதுக்கு முன்னாடி வீட்டுல இட்லி மாவை வெவ்வேற சூட்டுல வெச்சு, மணிக்கணக்குக்கு எவ்வளவு பொங்குதுன்னு ஒரு எக்செல் ஷீட்ல குறிச்சு அனுப்பு. வந்ததும் அதை வெச்சே ஒரு எபிசோட் பண்ணலாம்.

அடுத்த வாரம் இண்டெக்ஸிங். போன வாரம் பாதியில விட்டது. நாலு பேர் காத்திருக்கீங்க, மறக்கல.